வைசாகே வாங்கிய தூளி

பெரிய முடிவு எடுக்கிற நாளில் வைசாகே முதலில் சட்டையைக் கழற்றிவிடுவான். அன்றைக்கும் கழற்றினான். அப்புறம் சாப்பாட்டு மேசையில் ஓங்கி ஒரு தட்டு தட்டினான். தட்டிலிருந்த மரவள்ளிக்கிழங்கு பயந்துபோய்க் கீழே குதித்தது.

"இந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு நான் உங்க ஊருக்கு வரமாட்டேன்!"

லோசனா குனிந்து கிழங்கை எடுத்தாள். ஊதினாள். அவன் தட்டிலேயே வைத்தாள்.

"சட்டையப் போட்டுக்கிட்டுச் சொல்லுங்க. பக்கத்து வீட்டுக்காரி பாக்குறா."

சட்டையைப் போட்டதும் முடிவில் பாதி வேகம் குறைந்துவிட்டது. அதுதான் அவனிடம் உள்ள குறை.

வைசாகே பேருந்து ஓட்டுகிறவன். சுவாவிலிருந்து நௌசோரி, நௌசோரியிலிருந்து சுவா. வாரம் முழுக்க மற்றவர்களை ஊர் சேர்க்கிற மனுஷன், விடுமுறை வந்தால் தான் எங்கேயாவது போய்ப் படுத்துக்கிடக்க வேண்டும் என்று ஆசைப்பட்டான். படுக்க வேண்டும், அவ்வளவுதான். கடலைக்கூடப் பார்க்க வேண்டாம். சத்தம் கேட்டால் போதும்.

ஆனால் பெண்டாட்டியோடு போனால் படுக்க முடியாது. ஏனென்றால் லோசனாவுக்குப் பிஜியில் சொந்தக்காரர் இல்லாத இடமே கிடையாது. சிங்கதோக்காக் கடற்கரைக்குக் கூட்டிப்போனான். பேருந்தை விட்டு இறங்கின கால் மண்ணில் படவில்லை, "லோசனா!" என்று ஒரு சத்தம். சின்னம்மா மகள். அந்த இரண்டு நாளும் வைசாகே சர்ச் விருந்துக்குக் கிழங்கு தோல் சீவினான். சவுசவு ஊருக்குப் போனார்கள். கப்பலில் சீட்டுக் கொடுத்த பையனே அத்தை மகன். வைசாகே கூரை ஏறினான், ஓலை மாற்ற. லெவுக்காவில் ஊருக்குள் நுழையும்போதே ஒரு சாவு. விறகு சுமந்தான், பாய் சுமந்தான், கடைசியில் பெட்டியையும் சுமந்தான். செத்தவர் யார் என்று இன்றுவரை அவனுக்குத் தெரியாது. நல்ல கனமான மனுஷர், அது மட்டும் தோளுக்குத் தெரியும்.

கந்தவுத் தீவில் மாமியார் ஊர் என்றால் கேட்கவே வேண்டாம். மச்சான் எமோசி ஒருத்தன் இருக்கிறான். வைசாகேயைப் பார்த்த உடனே கையில் கோடாலியைக் கொடுத்துவிட்டுத்தான் 'புலா' என்று வணக்கம் சொல்லுவான். அவன் மேல் வைசாகேக்குப் பழைய கோபம் ஒன்று உண்டு. கல்யாணத்தன்று மாப்பிள்ளைச் செருப்பு காணாமல் போனது. நல்ல தோல் செருப்பு. இடது கால் வார் அறுந்து, பேருந்து இருக்கை தைக்கிற சிவப்பு நூலால் வைசாகேயே தைத்துப் போட்டது. கல்யாணப் படத்தில் மணப்பெண் பூவோடு நிற்கிறாள், மாப்பிள்ளை வெறுங்காலோடு நிற்கிறான். எடுத்தது எமோசிதான் என்று வைசாகே சத்தியம் செய்வான். எமோசி இல்லை என்று சத்தியம் செய்வான். கல்யாணம் ஆனதிலிருந்து இரண்டு சத்தியமும் அப்படியே இருக்கின்றன.

இந்த வருஷம் அதற்கு மேலே ஒன்று. மாமனாருக்கு எழுபது வயது. மாப்பிள்ளைமார் எல்லாரும் ஆளுக்கொரு பன்றியோடு வர வேண்டும் என்று கந்தவுவிலிருந்து சொல்லிவிட்டார்கள்.

"பன்றிக்கு நான் எங்க போவேன்? பேருந்துல ஏத்திக்கிட்டா வர்றேன்?"

"மத்த மாப்பிள்ளைங்க கொண்டு வருவாங்க. நீங்க வெறுங்கைய வீசிக்கிட்டு வாங்க. எங்கப்பா ஒண்ணும் சொல்லமாட்டார். பாப்பார், அவ்வளவுதான்."

அந்தப் பார்வை வைசாகேக்குத் தெரியும். அதற்குக் கோடாலியே தேவலை.

"லோசனா, ஒரு பந்தயம்," என்றான். சட்டைப் பொத்தானை ஒன்றொன்றாகக் கழற்றிக்கொண்டே. "அடுத்த மாசம் பிஜி நாள் லீவு. சனி, ஞாயிறு, திங்கள் சேர்ந்து வருது. நாம ரெண்டு பேரும் ஒரு இடத்துக்குப் போறோம். நான் அங்க படுக்கப்போறேன். யாரும் என்னை எழுப்பி வேலை வாங்கக் கூடாது. அப்படி நடந்துட்டா, கிறிஸ்துமஸும் அதே இடந்தான். நீ, நான், பிள்ளைங்க. கந்தவு கிடையாது. பன்றி கிடையாது."

"நடக்கலேன்னா?"

"நடக்கலேன்னா உங்க ஊரு. பன்றியோட."

"சரி," என்றாள் லோசனா.

ஒரே வார்த்தை. வைசாகே மறுநாள் டிப்போவில் தேநீர்க்கடை முன்சாமியிடம் இதைப் பெருமையாகச் சொன்னான். முன்சாமி ரொட்டி சுருட்டுவதை நிறுத்தினான்.

"ஒரே தடவையில சரின்னுட்டாளா?"

"ஆமா."

"சண்டை போடல?"

"இல்லையே."

"எனக்கு என்னமோ சரியாப் படல வைசாகே."

"உனக்குக் கல்யாணம் ஆன கோளாறு," என்றான் வைசாகே.

அன்றைக்கே கடைத்தெருவில் ஒரு தூளி வாங்கினான். பெரியவர்கள் படுக்கிற வலைத் தூளி. நீல நிறம், இரண்டு பக்கமும் குஞ்சம். வீட்டில் கட்ட இடமில்லை. அதனால் கட்டிலில் விரித்து அதன்மேல் படுத்துப் பார்த்தான்.

"எப்படி இருக்கு?" என்றாள் லோசனா.

"கட்டில் மாதிரி இருக்கு."

இனி இடம். வைசாகே தந்திரக்காரன் என்று வைசாகேக்கு ஒரு நினைப்பு. நேராகக் கேட்டால் சொல்லமாட்டாள். துணி மடிக்கிற நேரம் பார்த்துப் பக்கத்தில் உட்கார்ந்தான். அவனும் ஒரு துண்டை மடித்தான்.

"உங்க குடும்பம் எவ்வளவு பெரிசு லோசனா! ஒவலாவுல இருக்காங்க, தவேயுனில இருக்காங்க. என்ன ஒரு வம்சம்!"

"ஆமாங்க."

"யாருமே இல்லாத தீவுன்னு ஒண்ணு இருக்குமா என்ன? இருக்கவே இருக்காது."

லோசனா யோசித்தாள். மடித்த துண்டைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

"நுகுலவா இருக்கே. அங்க எங்க ஆளுங்க யாரும் கிடையாது. பொண்ணு குடுத்ததும் இல்ல, எடுத்ததும் இல்ல. எங்க வீட்டு நாய்கூட அந்தத் தீவப் பாத்துக் குரைச்சது கிடையாது."

வைசாகே முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு எழுந்து போனான். பின்கட்டுக்குப் போய் ஒரு ஆட்டம் ஆடினான்.

ஆனாலும் பேச்சை மட்டும் நம்புகிறவன் இல்லை அவன். பேருந்தில் ஏறுகிற கந்தவுக்காரர்களை எல்லாம் நிறுத்தி நிறுத்திக் கேட்டான். லோசனா அம்மா வழி, அப்பா வழி, அம்மாவின் அம்மா வழி. எல்லாரும் ஒரே பதில்தான் சொன்னார்கள். நுகுலவாவில் கந்தவுக்காரர் ஒருத்தரும் இல்லை. பின்னால் பேருந்துக்குள் ஆட்கள் கூச்சல் போட்டார்கள். வைசாகே சந்தோஷமாக வண்டியை எடுத்தான்.

பிள்ளைகளை அக்கா வீட்டில் விட்டுவிட்டு, வெள்ளிக்கிழமை கப்பலில் ஏறி, அப்புறம் ஒரு சின்ன விசைப்படகில் நனைந்து, நுகுலவா போய்ச் சேர்ந்தார்கள். கரையில் யாரும் "லோசனா!" என்று கத்தவில்லை. வைசாகே காதைத் தீட்டிக் கேட்டான். அலைச் சத்தம் மட்டும். கடலைப் பார்த்தாற்போல ஒரு ஓலை வீடு அவர்களுக்காகப் பெருக்கி வைத்திருந்தது. முன்னால் இரண்டு தென்னை. தூளிக்கென்றே நட்டுவைத்த மாதிரி.

வைசாகே ஒரு முடிச்சுப் போட்டான். இன்னொரு முடிச்சுப் போட்டான். புதுப் பூப்போட்ட சட்டையோடு தூளியில் ஒரு காலைத் தூக்கி வைத்தான்.

"ஏங்க, முதல்ல ஊர்த்தலைவர் வீட்டுக்குப் போய் யங்கோனா வெச்சுட்டு வந்துடலாமே," என்றாள் லோசனா. "வந்த இடத்துல சொல்லாமப் படுத்தா மரியாதை இல்ல."

அது நியாயம். எந்த ஊருக்குள் நுழைந்தாலும், இடித்துக் கரைத்துக் குடிக்கிற யங்கோனா வேர்க்கட்டையை முன்னால் வைத்து, இன்னார் வந்திருக்கிறோம் என்று சொல்லாமல் ஒரு இளநீர்கூடக் குடிக்கக் கூடாது. காலை இறக்கினான்.

பெரிய கூடத்தில் ஆண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். லோசனா பெண்களோடு ஓரமாக உட்கார்ந்தாள். தலைவருக்காகப் பேசுகிறவர் இலைதியா என்று ஒருவர். நரைத்த மீசை, முகத்தில் சிரிப்பே இல்லை. வைசாகே வேர்க்கட்டை வைத்துத் தொண்டையைக் கனைத்தான். சுவாவில் வளர்ந்தவன்தான். அப்பாவின் ஊரைச் சின்ன வயதில் ஒரு முறை பார்த்ததோடு சரி. இருந்தாலும் இப்படிப்பட்ட இடத்தில் ஊர்ப்பெயரைச் சொல்லும்போது அவனுக்கு நெஞ்சு விரியும்.

"வைலோலோ ஊரைச் சேர்ந்த வைசாகே வந்திருக்கிறேன்."

வட்டத்தில் இருந்த தலையெல்லாம் அவன் பக்கம் திரும்பியது.

இலைதியா மெதுவாக நிமிர்ந்தார்.

"எந்த ஊர்?"

"வைலோலோ."

"ஆத்தங்கரை வைலோலோவா?"

"ஆமாம்," என்றான் வைசாகே இன்னும் விரிந்து. நம்ம ஊரின் பெயர் இத்தனை தூரம் எட்டியிருக்கிறதே!

இலைதியாவின் மீசைக்குக் கீழே என்னமோ ஒன்று மெல்ல மெல்லத் திறந்தது. பல்.

"தவுவு!" என்று கத்தினார்.

"தவுவு!" என்று கூடமே கத்தியது.

வைசாகே வாசல் எந்தப் பக்கம் என்று பார்த்தான். தவுவு என்றால் ஒரே ஆதி தெய்வத்தைக் கும்பிட்ட இரண்டு ஊர். மாமன் மச்சான் கேலியெல்லாம் இதற்கு முன்னால் பஜனைப் பாட்டு. தவுவுக்காரனை என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். அவனிடம் எதை வேண்டுமானாலும் எடுக்கலாம். எப்படி வேண்டுமானாலும் வேலை வாங்கலாம். அவன் கோபப்படக் கூடாது. கோபப்பட்டால் ஊர் மானம் போய்விடும். லோசனாவின் வம்சத்தை ஏழு தலைமுறைக்கு விசாரித்தவன், தன் வம்சத்தை ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை.

"வைலோலோக்காரனுக்கு எதுக்குடா சட்டை? ஆத்துல வர்ற வெள்ளமே அவனுக்கு உடுப்பு!" என்றான் ஒருத்தன். பூப்போட்ட சட்டை அவன் உடம்புக்கு மாறியது.

"தவுவுக்குப் பொங்குகடல் ஊத்து!" என்றார் இலைதியா. கொட்டாங்கச்சி வழிய வழிய யங்கோனா வந்தது.

"எனக்குக் கொஞ்சம் போதும்..."

"என்னது? வைலோலோ பச்சப்புள்ளையா? சரி, பாலாடைல ஊத்திக் குடுங்க!"

கூடம் உருண்டு சிரித்தது. வைசாகே குடித்தான். நாக்கு மரத்தது. மறுபடி பொங்குகடல். உதடு மரத்தது. பெண்கள் பக்கம் பார்த்தான். லோசனா பாயின் பின்னலை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள், ரொம்ப நல்ல பின்னல் போலிருக்கிறது.

காலையில் எழுந்து தள்ளாடி வெளியே வந்தால், தூளியில் ஒரு அம்மாள் படுத்திருக்கிறாள். பெயர் வசிதி. இலைதியாவின் தங்கை. அவள் படுத்ததில் இரண்டு தென்னையும் ஒன்றை ஒன்று பார்த்து வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தன.

"அது... என்னோட தூளிங்க."

"நேத்து வரைக்கும்," என்றாள் வசிதி. "கொஞ்சம் ஆட்டி விடு தவுவு."

ஆட்டிவிட்டான். வேறென்ன செய்வது? ஊர் மானம்.

அன்றைக்கு முழுக்க வைலோலோவின் மானத்தை அவன் ஒருத்தனே சுமந்தான். தென்னை ஏறினான். பாதி மரத்தில் நின்றபோது கீழேயிருந்து, "வைலோலோல எல்லாரும் இப்படித்தான் மரத்தக் கட்டிப்புடிச்சு அழுவாங்களா?" என்று கேட்டார்கள். குழி அடுப்புக்குக் குழி வெட்டினான், கல் சுமந்தான். விறகு பிளக்கக் கோடாலி கொடுத்தபோது எமோசியின் ஞாபகம் வந்து கண் கலங்கியது. அவன் பிடித்த மீனை எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்துத் தேங்காய்ப்பால் ஊற்றி எல்லாரும் சாப்பிட்டார்கள். அவனுக்குத் தேங்காய் கிடைத்தது. பெண்கள் ஓடிவந்து தலையில் பவுடரைக் கொட்டிவிட்டுப் போனார்கள். இலைதியா மட்டும் சிரிக்காமல் வந்து பார்த்து, ஏதோ சொல்லவந்து, பொருத்தமான வசவு கிடைக்காமல் இன்னும் கொஞ்சம் பவுடரைப் போட்டார்.

லோசனாவுக்கு? லோசனா விருந்தாளி. அவள் தவுவு இல்லை, தவுவின் பெண்டாட்டி. இந்த மாதிரி ஆளைக் கட்டிக்கொண்டாளே என்று ஊரே அவள்மேல் இரக்கப்பட்டது. நிழலில் பாய் போட்டார்கள். இளநீர் வெட்டினார்கள். வெட்டியது வைசாகே.

"எப்படி இருக்கு?" என்று இளநீரை நீட்டிக்கொண்டே பல்லைக் கடித்தான்.

"நல்ல இடமாத்தான் புடிச்சிருக்கீங்க," என்றாள் லோசனா. "எனக்கு ஒரு வேலையும் இல்ல."

ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு யாரும் வேலை செய்யக் கூடாது, அதனால் வேலையும் வாங்கமாட்டார்கள். வைசாகே வாழ்க்கையில் முதல் தடவையாக சர்ச்சுக்கு ஆசையாகப் போனான். பெஞ்சில் உட்கார்ந்து, தலையைக் குனிந்து, மனமுருகி வேண்டினான். கண்ணைத் திறந்தான். முன் பெஞ்சின் அடியில் இலைதியாவின் கால் தெரிந்தது. காலில் செருப்பு தெரிந்தது. பழைய தோல் செருப்பு. இடது கால் வாரில் சிவப்பு நூல்.

வைசாகே ஆமென் சொல்ல மறந்துபோனான்.

வெளியே வந்ததும் ஓடினான்.

"இந்தச் செருப்பு..."

"சுவாவுல ஒரு வைலோலோக்காரன் கல்யாணம்," என்றார் இலைதியா. "கேள்விப்பட்டுப் போனேன். மாப்பிள்ளை யங்கோனா குடிச்சுட்டுப் பந்தல்ல வாயத் திறந்து தூங்கிக்கிட்டிருந்தான். செருப்பக் கழட்டிக்கிட்டேன். நல்ல செருப்பு. ஞாயித்துக்கிழமை மட்டுந்தான் போடுவேன்." குனிந்து வைசாகேயின் முகத்தை உற்றுப் பார்த்தார். "அட! வாயக் கொஞ்சம் திற பாப்போம்... நீதானா அது!"

ஊர் முழுக்கச் சிரித்த சிரிப்பில் சர்ச் மணி தானாக ஆடியது என்றுகூடச் சொல்லலாம்.

திங்கட்கிழமை காலை, படகுக்கு முன்னால், இலைதியா அவனைத் தோளில் தட்டினார்.

"தவுவு, நாங்களே எடுத்துக்கிட்டிருக்கோம். நீ ஒண்ணையும் எடுக்கலியே? உனக்கும் அந்த உரிமை இருக்குதானே? வைலோலோல கையும் கிடையாதா?"

வைசாகேக்கு உயிர் வந்தது. இது ஏன் இத்தனை நேரம் தோன்றவில்லை! தூளியைக் காட்டக் கையைத் தூக்கினான். லோசனா பக்கத்தில் வந்து காதோடு சொன்னாள்:

"அதக் கேக்காதீங்க. குடுத்தத திருப்பிக் கேட்டா காலத்துக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க."

"அப்ப செருப்பு?"

"அதுவும் உங்களோடதுதானே. அவங்க பொருளா, பெரிசா ஏதாவது கேளுங்க. வாயப் பொளக்கணும். உங்க ஊரு மானம் என்ன ஆகுறது?"

வைசாகே ஊரைச் சுற்றிப் பார்த்தான். மீன்வலை. சின்னது. பானை. அதுவும் சின்னது. அப்போது இலைதியாவின் வீட்டுப் பின்னாலிருந்து ஒரு உறுமல் கேட்டது. கறுப்பாக, மேசை அகலத்துக்கு முதுகோடு ஒன்று எழுந்து நின்றது.

"அது!" என்று கையை நீட்டினான் வைசாகே. "அந்தப் பன்றிய எடுத்துக்கிட்டேன்!"

இலைதியாவின் வாய் பிளந்தது. அப்புறம் கிளம்பியது பாருங்கள் கைதட்டல்! இலைதியாவே வந்து கட்டிப்பிடித்துக்கொண்டார். "இப்பத்தான்டா நீ வைலோலோக்காரன்!" வைசாகே சட்டையில்லாத நெஞ்சை நிமிர்த்தி நின்றான். மூன்று நாளில் முதல் வெற்றி. அந்த வெற்றி சுமார் ஒரு நிமிஷம் இருந்தது.

பன்றி. பன்றியோடு. கந்தவு. கிறிஸ்துமஸ்.

திரும்பி லோசனாவைப் பார்த்தான். அவள் பைகளைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"உனக்குத் தெரியும்."

"என்னது?"

"இவங்க என் தவுவுன்னு உனக்கு முன்னாடியே தெரியும்!"

"கல்யாணத்தன்னிக்கு நீங்கதானே தூங்குனீங்க? நான் முழிச்சிருந்தேன். செருப்பக் கழட்டும்போது எங்கிட்ட சொல்லிட்டுத்தான் கழட்டுனாரு. நுகுலவாவுக்கு ஒரு நாள் கூட்டிட்டு வாம்மான்னு மரியாதையாக் கூப்பிட்டாரு."

"இத்தன வருஷமா எமோசிய நான்..."

"அதான் கிறிஸ்துமஸுக்கு வந்து நேர்லயே மன்னிப்புக் கேட்டுடுங்க."

"ஆனா நீ... நுகுலவாவுல யாரும் இல்லேன்னு சொன்னியே!"

"எனக்கு யாரும் இல்லேன்னு சொன்னேன். உங்களுக்கு இல்லேன்னா சொன்னேன்? என்னைப் பத்திதானே கேட்டீங்க."

வைசாகேயின் கை சட்டைப் பொத்தானைத் தேடியது. கழற்றுவதற்குச் சட்டைகூட இல்லை.

படகு தயார். ஆனால் பன்றியை எப்படிக் கரைக்குக் கொண்டுபோவது? நடக்கச் சொன்னால் நடக்கவில்லை. தூக்கினால் கை கொள்ளவில்லை. வசிதி அம்மாள் பெருமூச்சு விட்டுக்கொண்டு தென்னையடியிலிருந்து எழுந்தாள். முடிச்சை அவிழ்த்தாள்.

"பாவம் தவுவு. இந்தா, எடுத்துக்க. இதுல கிடத்தித் தூக்குங்க."

நீலத் தூளியில், இரண்டு பக்கமும் குஞ்சம் தொங்க, பன்றி உறுமிக்கொண்டே ஏறியது. ஒரு தடவை புரண்டது. வசதி பார்த்தது. பிடித்துப்போய்விட்டது. கண்ணை மூடிக்கொண்டது. தூளியைக் கோத்த கம்பின் ஒரு முனை இலைதியாவின் தோளில், அதாவது சிவப்பு நூல் தைத்த செருப்புக்கு மேலே. இன்னொரு முனை வெறுங்கால் வைசாகேயின் தோளில்.

மணலில் கால் புதைந்தது. வைசாகே முனகினான். பின்னாலிருந்து லோசனாவின் குரல் வந்தது:

"மெதுவாப் போங்க. அது தூங்குது."